ஒரு நாள் பிந்திய தந்தி

புதுப் பெட்டி வந்திருக்கிறது. மூடியை நெம்பியதும் ரப்பர் வாசனை. அதன்மேல் தூவியிருக்கும் வெள்ளைப் பொடியின் வாசனை. காகிதம் சுற்றிய பலூன்கள், வரிசையாக.

முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீயாக இருந்தால் பெட்டிக்குள் தலையையே விட்டிருப்பாய். "வெள்ளைக்காரன் வூட்டு இட்லி வாசனைடா" என்பாய். வெள்ளைக்காரன் வீட்டில் இட்லி ஏது என்று கேட்டால், "அவன் சுட்டா இப்பிடித்தான் இருக்கும்" என்பாய்.

பெட்டியோடு பேராசிரியரின் கடிதம். மூன்று வரி. மலை ஆய்வு இந்தக் குளிர்காலத்தில் மறுபடி தொடங்குகிறது. முன்போலவே வானிலைக் குறிப்பு அனுப்ப வேண்டும். முன்பிருந்த தந்தி ஆளை வேலைக்கு வைக்க வேண்டாம்.

மூன்றாவது வரியைப் படித்த பிறகு நான்கு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் வில்லியனூரில் ரயிலேறிக் கள்ளக்குறிச்சிக்குப் புறப்பட்டேன். அதற்கடுத்த வாரம் ஏம்பலத்துக்கு, உன் வீட்டுக்கு. இரண்டு இடத்திலும் நடந்ததை உனக்கு எழுத வேண்டும். முதலில் உன்னிடம்தான் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு வருடம் அதற்கும் தைரியம் இல்லை.

*

பாகூர் ஏரிக்கரையில் அந்த ஒற்றை அறை அப்படியேதான் இருக்கிறது. சுவரில் காற்றழுத்தம் காட்டும் பாதரசக் குழாய். வெளியே மழைமானி, காற்றுக்காட்டி, வெள்ளையடித்த மரக்கூண்டு. நாம் வேலையில் சேர்ந்த வருடம் ஊரார் அதைப் புறாக்கூண்டு என்றே நினைத்தார்கள். புறா எங்கே என்று கேட்டவரிடம் நீ, "மலைக்குப் போயிருக்கு, சாயங்காலம் வரும்" என்று முகம் மாறாமல் சொன்னாய்.

மேல்காற்றை அளக்கப் பலூன் விடும் வேளையில் நடவுப் பெண்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

"இன்னா சாமி, மேல யாருக்குச் சீட்டு அனுப்பற?"

"வருண பகவானுக்கு. நீ எதுனா சொல்லணுமா?" என்பாய் நீ.

"எங்க ஊட்டுக்காரன் குடிய உடணும்னு ஒரு வார்த்த சேத்து எழுது."

"அது அவரு இலாகா இல்லியே ஆத்தா."

சிரிப்பு வயல் முழுக்கப் பரவும். தொலைநோக்கியில் கண் வைத்திருந்த நான் அதற்குள் பலூனைத் தொலைத்திருப்பேன்.

சென்னையில் நான்கு வருடம் படித்து வாங்கிய பட்டம் எனக்குச் சந்தேகப்பட மட்டும் கற்றுக்கொடுத்தது. நீ வானத்தைப் பார்த்ததும் முடிவு சொல்வாய். பாதி தப்பாகப் போகும். அதற்காக ஒருநாளும் நீ தூக்கத்தை விட்டதில்லை.

பேராசிரியர் பிரான்ஸிலிருந்து வந்தார். கல்வராயன் மலையில் மேகம் எப்படித் திரள்கிறது, சரிவில் காற்று எந்நேரம் ஏறி எந்நேரம் இறங்குகிறது, எந்த உயரத்தில் மழை அதிகம் என்று அளக்க வந்தவர். மலை ஆங்கிலேயர் எல்லைக்குள் இருக்கிறது, நம் பாகூர் பிரெஞ்சு எல்லைக்குள். அடிவாரத்தில் கூடாரம். விடியலில் கருவிகளைச் சுமந்து ஏறி, அளந்து, வெளிச்சம் இருக்கும்போதே இறங்க வேண்டும். நடுவில் ஒரு காட்டாறு. மற்ற நாளில் அதில் கணுக்கால் நனையாது. மேலே மழை பிடித்தால் கால் மணி நேரத்தில் ஆள் உயரம் தண்ணீர்.

ஆகவே ஏறலாமா கூடாதா என்று முந்தின நாளே சொல்ல ஆள் தேவைப்பட்டது. வங்கக் கடலில் கிளம்புவது எதுவும் முதலில் நம் தலைக்கு மேல் வந்துதான் மலைக்குப் போகும். அந்த வேலை நமக்கு வந்தது.

ஒருவர் இங்கே, ஒருவர் அங்கே. நீ யோசிக்கவே இல்லை.

"குழாயப் பாத்துகினு குந்தியிருக்கறதுக்கு உன்னாட்டம் ஆளுதான் சரி. நான் போய் நனையறேன்."

முதல் வாரமே உன் கடிதம். "மேகத்துக்குள்ள நின்னுகினு எழுதறேன். கீழேர்ந்து பாத்தா பஞ்சு. உள்ள வந்தா ஈர வேட்டி." அந்தத் தாளில் எழுத்துகள் பரவியிருந்தன. அன்று உன்மேல் எனக்குப் பொறாமை வந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

ஏற்பாடு எளிது. காலை பத்து மணிக்கு நான் அளவெடுத்து, நடந்து போய் பாகூர் தபால் ஆபீஸில் தந்தி கொடுப்பேன். கள்ளக்குறிச்சித் தந்தி ஆபீஸ் வாசலில் சடையன் காத்திருப்பார். மலைக்காரர். பகல் இரண்டு மணி வரை இருந்து பார்த்துவிட்டு, மூன்று மணி நேரம் நடந்து கூடாரத்தில் சேதி சேர்ப்பார். மறுநாள் நீங்கள் ஏறுவதும் ஏறாததும் அதைப் பொறுத்தது.

புரட்டாசியில் ஒரு காலை, பாதரசம் முந்தின நாளைவிட மூன்று கோடு இறங்கியிருந்தது. புயல் என்று எழுதினேன். மூன்று நாள் நீங்கள் கூடாரத்தைவிட்டு நகரவில்லை. மூன்று நாளும் நல்ல வெயில். நாலாம் நாள் உன் தந்தி.

"வெயில் தாங்கவில்லை. குடை அனுப்பவும்."

அதை வாங்கி எழுதிய தபால் ஆபீஸ்காரர் எதையும் தனக்குள் வைத்துக்கொள்ளும் மனிதர் அல்ல. பொழுது சாய்வதற்குள் ஊரில் என் பெயர் மாறிவிட்டது. "குடைக்காரரே, இன்னிக்கு நெல்லு காயப் போடலாமா?" காப்பிக் கடையில் ஒருவர், நடுவெயிலில் என்னைக் கண்டதும் துண்டைத் தலைக்கு மேல் விரித்துப் பிடித்தார். எல்லோருடனும் சேர்ந்து நானும் சிரித்தேன். அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

பிறகு நீ எழுதினாய். "டேய், தெனம் 'நலம், நலம்'னு அனுப்பாத. இப்பல்லாம் யாரும் பிரிச்சுக்கூடப் பாக்கறதில்ல. கெட்டதுன்னா மட்டும் அனுப்பு. ஒண்ணும் வரலன்னா நாங்க ஏறிடறோம்." பேராசிரியரும் சரி என்றார். அன்றிலிருந்து என் மௌனத்துக்குப் பொருள், ஏறலாம்.

படித்தவர்கள் கூடிச் செய்த ஏற்பாடு. எல்லைக்கு இந்தப் பக்கம் மட்டும் விடுமுறை வரும் நாள் ஒன்று உண்டு என்பது நம்மில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

*

ஐப்பசிக் கடைசி. பெரும் போர் முடிந்ததன் நினைவு நாள். பிரெஞ்சு எல்லைக்குள் எல்லாம் மூடியிருந்தன. ஊராட்சி அலுவலகமான மேரியின் முன்னால் கொடி ஏற்றினார்கள். பிரான்ஸுக்குப் போய்ச் சண்டையிட்டுத் திரும்பிய சொல்தாக்கள் பழைய கோட்டில் பதக்கம் குத்தி வரிசையாக நின்றார்கள். தபால் ஆபீஸ் கதவில் பூட்டு.

பத்து மணிக்குப் பாதரசம் மூன்று கோடு இறங்கியிருந்தது. அதே மூன்று கோடு.

நம் ஊர்ப் பாதரசம் தினமும் ஏறி இறங்கும். காலை பத்துக்கு உச்சி, மாலை நாலுக்கு அடி. நல்ல நாளிலும் அப்படித்தான். உச்சியில் நிற்க வேண்டிய நேரத்தில் இறங்கியிருந்தால் கடலில் ஏதோ நடக்கிறது. இது பாடம். புரட்டாசியிலும் இந்தப் பாடத்தைத்தான் நம்பினேன்.

பூட்டைப் பார்த்தபடி நின்றேன். கடலூர் ஆங்கிலேயர் ஊர். அங்கே விடுமுறை இல்லை. சைக்கிள் இருந்தது. ஒரு மணி நேரம். பதினொன்றரைக்குள் தந்தி கொடுத்திருக்கலாம். சடையன் இரண்டு மணி வரை அந்த வாசலில்தான் இருப்பார்.

கொடியேற்றத்துக்கு வந்திருந்த தபால் ஆபீஸ்காரர் என்னைக் கண்டுவிட்டார்.

"இன்னா குடைக்காரரே, லீவு நாள்லகூட மழையா?"

பக்கத்திலிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள்.

"இல்ல, சும்மாதான் வந்தேன்" என்றேன்.

திரும்பி நடந்தேன்.

அறையில் உட்கார்ந்து காரணங்கள் தேடினேன். நாலு மணி அளவையும் பார்த்துவிட்டால் உறுதியாகிவிடும். நீயும் எல்லைக்கு இந்தப் பக்கத்து ஆள்தானே, இன்று இங்கே விடுமுறை என்பது உனக்குத் தெரியும். தந்தி வராததை நல்ல சேதி என்று எடுத்துக்கொள்ள மாட்டாய். இப்படி. மலையில் உங்களுக்குக் கிழமையே மறந்துபோயிருந்தது என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

நாலு மணிக்கு ஏழு கோடு. கிழக்கே வானம் செங்கல் தூள் நிறம். ஏரியில் ஒரு கொக்குகூட இல்லை. சடையன் இரண்டு மணிக்கே வெறுங்கையோடு கிளம்பியிருப்பார். அப்போதாவது போயிருக்கலாம். வேறு ஆளை ஓடச் சொல்லிக் கள்ளக்குறிச்சிக்குத் தந்தி கொடுத்துக் கெஞ்சியிருக்கலாம். போகவில்லை. நாற்காலியிலேயே இருந்தேன்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் சைக்கிளை எடுத்தேன். பாகூர் ஆபீஸ் திறக்க ஒன்பதாகும். கடலூரில் ஏழு. முகத்தில் சாரல். எல்லைச் சாவடியில் நிற்கச் சொல்லிக் கத்தினார்கள். நிற்காமல் போனேன். சரியாக ஒரு மணி நேரம் ஆயிற்று.

"புயல். ஏறாதீர்கள்."

அந்நேரம் நீங்கள் ஏறத் தொடங்கியாயிற்று.

பகல் மூன்று மணிக்கு, இறங்கும் வழியில், காட்டாற்றைக் கயிறு பிடித்துக் கடக்கும்போது நீ போனாய். உனக்கு முன்னால் கயிற்றில் ஒரு சுமைகாரர். அவரும் போனார். பேராசிரியர் இன்னும் கயிற்றைத் தொடவில்லை. பிழைத்தார். இரண்டு நாள் கழித்துக் கீழே ஒரு மூங்கில் புதரில் உன்னைக் கண்டெடுத்தார்கள். ஏம்பலத்தில் உன் பாடையின் ஒரு முனை என் தோளில் இருந்தது.

*

மேரியில் விசாரணை. ஒரு மேசை, இரண்டு அதிகாரிகள், கையில் கட்டுப் போட்ட பேராசிரியர். பிரெஞ்சில் கேட்டார்கள்.

தந்தி அனுப்பினீரா? அனுப்பினேன்.

எங்கிருந்து? கடலூரிலிருந்து.

ஏன் கடலூர்?

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"இங்கே விடுமுறை" என்றேன்.

அவ்வளவுதான். அவர்கள் கணக்கில் தந்தி ஒரு நாள் முன்னால் போய்விட்டது. விடுமுறை நாளிலும் எல்லை தாண்டிப் போய்ச் சேதி கொடுத்தவன் ஆனேன். பேராசிரியர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்படியானால் தவறு நடுவழியில். நீ போன அன்றைக்குத்தான் தந்தி வந்தது என்று சடையன் தலையில் அடித்துச் சொன்னாராம். தாள் மழையில் கூழாகியிருந்தது. முந்தின நாளே வாங்கி, குடித்துவிட்டு எங்கோ கிடந்திருக்கிறான் என்று எழுதிக்கொண்டார்கள். கள்ளக்குறிச்சிப் பதிவேட்டைப் பார்க்க யாரும் நினைக்கவில்லை. ஒரு பக்கம் பட்டதாரி, ஒரு பக்கம் மலைக்காரன். பதிவேடு எதற்கு.

பத்து நாள் கழித்து உன் அண்ணன் கள்ளக்குறிச்சிச் சந்தைக்குப் போய், கூட்டத்தின் நடுவே சடையனை அடித்தார். ஊர் திரும்பியதும் நேராக என்னிடம் வந்தார்.

"உன் சேதிய முழுங்கனவன சும்மா உட்டுட முடியுமா தம்பி? ஒரே அறை. உழுந்துட்டான்." என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அவனுக்காக ஓடனவன் நீ ஒருத்தன்தான்டா."

நான் அவரைத் தேற்றினேன். தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவி, தேற்றி அனுப்பினேன்.

அதன் பிறகு பாகூரில் யாரும் என்னைக் குடைக்காரர் என்று கூப்பிடவில்லை. மரியாதை வந்துவிட்டது. எந்தச் சிரிப்புக்குப் பயந்து சைக்கிளை எடுக்காமல் இருந்தேனோ, அந்தச் சிரிப்பு நின்றுபோயிற்று. நாள்தோறும் பத்து மணிக்கும் நாலு மணிக்கும் அளவெடுத்தேன். எழுதினேன். தூங்கினேன் என்றுகூடச் சொல்லலாம்.

*

கள்ளக்குறிச்சியிலிருந்து அடிவாரம் வரை அந்த மூன்று மணி நேரத்தை நானும் நடந்தேன். சடையன் வீட்டு முன்னால் மூங்கில் பிளந்துகொண்டிருந்தார். நான் பெயர் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. தலையைச் சாய்த்து வலது காதைக் காட்டினார். மறுபடி சொன்னேன்.

"தந்தி அனுப்பற சாமியா?" என்றார். "குந்து."

அன்று நடந்ததைக் கேட்டேன். மூங்கிலைக் கீழே வைக்காமலே சொன்னார்.

"மொத நாளு ரெண்டு மணி வரைக்கும் இருந்து பாத்தேன். ஒண்ணும் வரல. போயி சொன்னேன். ஒன் சிநேகிதரு சிரிச்சாரு. 'குடைக்காரனே சும்மா இருக்கான்னா வானம் சுத்தம்'னாரு. மறுநாளு காயிதம் வந்திச்சு. ஆபீசு ஐயா படிச்சுச் சொன்னாரு. ஓடனேன். கூடாரத்துல சமையக்காரரு மட்டும் இருந்தாரு. மேல ஓடனேன். ஆத்துக்கு இந்தாண்ட நான் வந்து நிக்கறேன், அந்தாண்டேருந்து கயித்தப் புடிச்சு எறங்கிட்டாங்க. கத்தனேன். தண்ணி சத்தத்துல எங்க கேக்குது?"

கத்தி மூங்கிலில் இறங்கியது.

"முன்னால வந்தது என் தம்பி."

அந்தச் சுமைகாரர். விசாரணைத் தாளில் 'ஒரு கூலி' என்று இருந்தது. படித்துக் கையெழுத்துப் போட்டவன் நான். இரண்டு வருடத்தில் அவர் பெயரை ஒருமுறைகூடக் கேட்டதில்லை. இப்போது கேட்டேன்.

"வெள்ளையன்."

"அந்தத் தந்திய நான் மறுநாள்தான் அனுப்பினேன்" என்றேன். "மொத நாளே அனுப்பினதா விசாரணையில சொன்னது பொய்."

சடையன் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. வியப்பும் இல்லை.

"அது எனக்குத் தெரியாதா சாமி? கையில வாங்கனவன் நான்தானே. எங்கிட்ட வந்து சொல்றியே. தெரியாதவங்க இருக்காங்க பாரு, அவங்ககிட்டப் போய்ச் சொல்லு."

வேலையைத் திரும்பக் கொடுக்கச் சொல்லி எழுதுகிறேன் என்றேன். தலையை அசைத்தார்.

"வாணாம். அந்த ஆத்துப் பக்கம் நான் இப்பப் போறதில்ல."

ஊருக்கு வந்ததும் பேராசிரியருக்கு எழுதிப் போட்டேன். நாள், நேரம், எல்லாவற்றோடும். இன்னும் பதில் இல்லை. இந்த வேலை போய்விடும். போகட்டும்.

*

உங்கள் கொல்லையில் கரும்பின் காய்ந்த இலைகளை, சோகையை, கழித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் என்னைத் தூரத்திலேயே கண்டு, "வா தம்பி" என்று வரப்பில் ஏறி வந்தார். வீட்டுப் பக்கம் திரும்பி, அண்ணியை மோர் கொண்டுவரச் சொல்லிக் குரல் கொடுத்தார். எப்போதும் இப்படித்தான். உன் திதிக்கு எனக்குத்தான் முதல் இலை.

நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும். தபால் ஆபீஸ் பூட்டு, நாலு மணி வரை காத்தது, மறுநாள் கடலூர், விசாரணையில் சொன்ன பொய். எதையும் விடவில்லை.

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றும் நினைத்தேன்.

"ஏன் போவல?" என்றார்.

"மறுபடியும் தப்பாப் போயிட்டா சிரிப்பாங்கன்னு, அண்ணே."

"சிரிப்பாங்கன்னு."

"ஆமாண்ணே."

கரும்புக்குள் ஆட்கள் ஏதோ பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவர் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் எப்பிடி கீறான்? அந்த மலைக்காரன்?"

"எடது காது கேக்கல. ஆத்துல நம்ம ஆளோட சேந்து போனது அவரோட தம்பி."

அண்ணன் தன் வலது கையை விரித்துப் பார்த்தார். சோகையின் சுணை ஒட்டியிருந்தது. வேட்டியில் துடைத்தார். மறுபடி பார்த்தார்.

"ரெண்டு வருசம் வாயத் தொறக்காத இருந்த" என்றார். "அப்பிடியே இருந்துட்டிருக்கக் கூடாதாடா?"

அண்ணி மோர்ச் செம்போடு வந்தவர் எங்கள் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். அண்ணன் செம்பை வாங்கினார். என்னிடம் நீட்டவில்லை. தானும் குடிக்கவில்லை. வைத்துக்கொண்டே நின்றார். நான் வரப்பில் இறங்கி நடந்தேன்.

இறக்கி வைக்கலாம் என்றுதான் போனேன். எனக்குள் எதுவும் குறையவில்லை. குற்றமில்லாத உன் அண்ணனைக் குற்றவாளி ஆக்கியிருந்தேன், இரண்டு வருடம் முன்பே. இப்போது அது அவருக்கே தெரியும்படி செய்துவிட்டு வந்திருக்கிறேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். நீ இருந்தால் ஒரு கேலியோடு மன்னித்திருப்பாய். அது எனக்குத் தெரியும் என்பதாலேயே கேட்கப் போவதில்லை. உன்னை, வெள்ளையனை, உன் அண்ணனின் அந்தக் கையை, மூன்றையும் வைத்துக்கொண்டுதான் இருக்கப் போகிறேன்.

நேற்று அண்ணன் ஆள் அனுப்பியிருந்தார். வெள்ளிக்கிழமை மலைக்குப் போகிறாராம். சடையன் வீட்டுக்கு வழி எழுதித் தரச் சொன்னார். நான் கூட வர வேண்டியதில்லை என்றும் சொல்லியனுப்பினார்.

எழுதினேன். சந்தையைத் தாண்டி வடக்கே, புளியமரங்கள் முடியும் இடத்தில் இடப்பக்கம், ஓடையை ஒட்டி நடை. மூங்கில் கிடக்கும் வீடு. மடித்துக் கொடுக்கப் போனவன், மறுபடி பிரித்து அடியில் ஒரு வரி சேர்த்தேன்.

அவருக்கு வலது பக்கமாக நின்று பேசுங்கள்.